ஹால் டிவிக்குச் சத்தமில்லாத சின்னக் கணினி: எதை வாங்கலாம்? (சுங்கை சிப்புட், மலேசியா)

லயத்துப்பையன் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அப்பா ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுன் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். ஹாலில் 55 அங்குல 4கே டிவி. கீழே மேசையில் அஸ்ட்ரோ (சாட்டிலைட் டிவி) டிகோடருக்கும் அம்மாவின் குத்துவிளக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் மிச்சம். அந்த ஒரு சாணுக்குள் அடங்குகிற கணினி வேண்டும்.

அப்பா இருபது வருடமாகச் சேர்த்த விசிடி, டிவிடி எல்லாவற்றையும் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உட்கார்ந்து 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைத்திருக்கிறேன். அது ஓட வேண்டும். அம்மாவுக்கு யூடியூபில் பக்திப் பாடல். அப்புறம் தங்கச்சி கல்யாண வீடியோ. வீடியோக்காரர் பென்டிரைவில் 4கே என்று கொடுத்தார். டிவியில் செருகினால் நாதஸ்வரம் கேட்கிறது, படம் இல்லை. என் பழைய லேப்டாப்பில் படம் வருகிறது, ஆனால் சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் திக்கித் திக்கி நிற்கிறது. விசிறியோ புல்வெட்டுகிற மெஷின் மாதிரி இரைகிறது.

கையில் 900 வெள்ளி (ரிங்கிட்). பார்த்து வைத்தவை மூன்று. ஒன்று, ஆபீஸில் கழித்துவிட்ட குட்டி டெஸ்க்டாப், இன்டெல் ஐ5 8500டி, ஈப்போ கடையில் 480 வெள்ளி. இரண்டு, புது மினி பிசி, இன்டெல் என்100, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 650 வெள்ளி. மூன்று, ராஸ்பெர்ரி பை 5. எது சரி?

ஈப்போரோட்டான் | செவ்வாய், இரவு 10.05

யோசிக்கவே வேண்டாம் தம்பி, 480 வெள்ளிப் பெட்டியை எடுங்கள். ஆறு கோர் (சில்லுக்குள் கணக்குப் போடுகிற மூளை). என்100 நாலு கோர்தான், அதுவும் சின்னக் கோர். ஆபீஸ் மெஷின் என்றால் இரும்பு மாதிரி. என் வீட்டில் ஒன்று நாலு வருடமாக ஓடுகிறது, ஒரு தடவைகூடக் கழற்றியது இல்லை.

சர்க்கியூட்சாமி | செவ்வாய், இரவு 11.20

கோர் எண்ணிப் பார்த்து ஹால் பெட்டி வாங்கினால் நாளைக்கு வருத்தப்படுவீர்கள். படம் போடுவது கோர் செய்கிற வேலை இல்லை. சில்லுக்குள் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே ஒரு தனி மூலை இருக்கிறது. அந்த மூலைக்கு எந்தெந்த வகை தெரியும் என்பதுதான் கேள்வி. தெரிந்த வகை வந்தால் கணினி தூங்கிக்கொண்டே 4கே போடும். தெரியாத வகை வந்தால் எல்லாக் கோரும் ஓடி, விசிறி இரைந்து, படமும் திக்கும். உங்கள் லேப்டாப்புக்கு நடந்தது அதுதான்.

இன்டெலில் கணக்கு இப்படி (எச்இவிசி, விபி9, ஏவி1 எல்லாம் வீடியோவைச் சுருக்குகிற வகைகள், 10-பிட் என்பது நிற நுணுக்கம்): எச்இவிசி 10-பிட்டை முழுதாகச் சில்லிலேயே பிரிப்பது ஏழாம் தலைமுறையிலிருந்து. ஆறாம் தலைமுறை 8-பிட்டோடு நின்றுவிடும், அதனால் கடைக்காரர் ஐ5 6500டி என்று எதையாவது நீட்டினால் தொடாதீர்கள். யூடியூப் இப்போது அதிகம் அனுப்பும் ஏவி1 பதினோராம் தலைமுறையிலிருந்துதான். 8500டி எட்டாம் தலைமுறை, எச்இவிசி, விபி9 இரண்டும் தெரியும், ஏவி1 தெரியாது. 2023-இல் வந்த என்100-க்கு மூன்றும் தெரியும். அதன் கரண்டுக் கணக்கு 6 வாட், 8500டி-க்கு 35 வாட். ஒரு சாண் இடத்தில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், சிப்புட் வெயிலில், எது குளிர்ச்சியாக இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

ஏஎம்டி பக்கம் போனாலும் இதே கதைதான். ரைசன் 5000 வரிசை மினி பிசி வேகத்தில் என்100-ஐ ஓரங்கட்டிவிடும், ஆனால் ஏவி1 கிடையாது. 6000 வரிசையில்தான் வந்தது.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கல்யாண வீடியோ என்ன வகை? மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போட்டு என்ன வருகிறது என்று இங்கே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் பெட்டியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஈப்போரோட்டான் | புதன், காலை 7.15

> 8500டி எட்டாம் தலைமுறை, எச்இவிசி, விபி9 இரண்டும் தெரியும், ஏவி1 தெரியாது

சாமி, ஏவி1 இல்லையென்றால் யூடியூபை விபி9-க்கு மாற்றிக்கொள்ளலாம், உலாவிக்கு ஒரு நீட்சி போட்டால் போதும். 170 வெள்ளி மிச்சம். அந்தக் காசுக்கு நல்ல ரிமோட் வாங்கலாம்.

சர்க்கியூட்சாமி | புதன், காலை 7.50

மாற்றலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆபீஸ் பெட்டியின் பின்பக்கத்தை யாராவது பார்த்தீர்களா? அந்தத் தலைமுறை இன்டெலில் சில்லிலிருந்து நேராக வருவது எச்டிஎம்ஐ 1.4 மட்டும். 2.0 வேண்டுமென்றால் தயாரிப்பாளர் நடுவில் இன்னொரு சில்லு வைத்திருக்க வேண்டும். எக்செல் தட்டுகிற ஆபீஸுக்கு அது எதற்கு என்று பலர் வைக்கவில்லை. 1.4 என்றால் 4கே-யில் நொடிக்கு 30 பிரேம்தான். சினிமா 24 பிரேம் என்பதால் படம் ஓடும். ஆனால் மெனுவில் அம்பை நகர்த்தினால் சேற்றில் நடப்பதுபோல இருக்கும். 60 பிரேமில் எடுத்த வீடியோ பாதி பிரேமைத் தொலைத்துவிட்டு ஓடும்.

டிஸ்பிளேபோர்ட் இருந்தால் தப்பிக்கலாம். அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றுகிற, உள்ளே சில்லு வைத்த மாற்றி வாங்க வேண்டும். வெறும் வயரை மாற்றிக் கொடுக்கிற மலிவானது உதவாது.

டீச்சரக்கா | புதன், மதியம் 2.30

பள்ளி முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் சில்லைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். அதை இயக்கப்போவது யார்? தம்பியுடைய அப்பா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரிடம் கம்பியில்லா விசைப்பலகையையும் மவுஸையும் கொடுத்தால் இரண்டே நாளில் பழையபடி அஸ்ட்ரோவுக்குப் போய்விடுவார். என் அம்மா அப்படித்தான் செய்தார்.

சாதாரண கணினியின் எச்டிஎம்ஐ வழியாக டிவி ரிமோட் வேலை செய்யாது, அதற்கான சிஇசி இணைப்பு பெரும்பாலும் இருக்காது. ராஸ்பெர்ரி பை-யில் அது உண்டு, டிவி ரிமோட்டின் அம்புக்குறியே போதும். மினி பிசி வாங்கினால் யூஎஸ்பி-யில் செருகுகிற சின்ன அகச்சிவப்புக் குமிழ் ஒன்று வாங்குங்கள். பழைய டிவிடி பிளேயர் ரிமோட் எதுவாக இருந்தாலும் அதற்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். நான் அம்மாவின் பழைய ரிமோட்டையே பழக்கிவிட்டேன். மேலே உள்ள எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ரிமோட், ஆனால் அவருடைய கட்டைவிரலுக்கு எது எங்கே என்று தெரியும்.

இன்னொன்று. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி சந்தா வைத்துப் பார்ப்பதை எல்லாம் டிவிக்குள் இருக்கிற செயலியிலேயே பாருங்கள். கணினியில் அவை 4கே கொடுக்க விண்டோஸ், குறிப்பிட்ட உலாவி, எச்டிசிபி 2.2 (நகல் தடுப்பு) என்று ஆயிரம் நிபந்தனை வைக்கும். லினக்ஸ் போட்டால் 4கே கிடையவே கிடையாது.

லயத்துப்பையன் | புதன், இரவு 8.55

அக்கா, அப்பாவுக்கு 67. எழுத்து தேய்ந்த ரிமோட் எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, ரப்பர் பேண்ட் சுற்றியது.

சாமி அண்ணே, மீடியாஇன்ஃபோ காட்டியது இது: ஏவிசி, ஹை 4:2:2, 10-பிட், 3840 × 2160, 50 பிரேம், நொடிக்கு 140 மெகாபிட். இது என்ன பாஷை?

சர்க்கியூட்சாமி | புதன், இரவு 9.30

அதானே பார்த்தேன். தம்பி, அது கேமரா தனக்காக எழுதிக்கொள்கிற வகை. வீடியோக்காரர் மாற்றித் தராமல் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். ஏவிசி என்றால் நம் பழைய எச்.264-தான், அதை எல்லாப் பெட்டியும் பிரிக்கும், ஆனால் 8-பிட், 4:2:0 (நிறத் தகவலின் அளவு) என்கிற சாதாரண வடிவில் இருந்தால். இந்த 10-பிட் 4:2:2 வடிவத்தை 8500டி-யும் சில்லில் பிரிக்காது, என்100-உம் பிரிக்காது, பை-யும் பிரிக்காது. உங்கள் டிவி படத்தைக் கைவிட்டதற்கும் அதுதான் காரணம்.

ஆகவே அந்த ஒரு கோப்புக்காகப் பெட்டி தேடாதீர்கள். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, எச்இவிசி 10-பிட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுங்கள். விடிய விடிய இரையும், ஒருவேளை இரண்டு இராத்திரி ஆகும். இரையட்டும். ஒரு தடவைதானே. மூலக் கோப்பை மட்டும் அழிக்காமல் வையுங்கள்.

அதன் பிறகு பாக்கி இருப்பது விசிடி, டிவிடி, யூடியூப். அதற்கு என்100 தாராளம்.

பைப்பித்தன் | வியாழன், காலை 12.40

பை 5-ஐ யாருமே கண்டுகொள்ளவில்லை. கையளவுதான் இருக்கும், டிவிக்குப் பின்னாலேயே ஒட்டிவிடலாம். அக்கா சொன்னபடி சிஇசி உண்டு. லிப்ரெலெக் என்ற இயங்குதளத்தைப் போட்டால் நேராகக் கோடி திறக்கும். (ஏழு சைபர் கோடி இல்லை, படம் போடுகிற மென்பொருள்.)

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பை 5-இல் சில்லு பிரிப்பது எச்இவிசி மட்டும்தான். பை 4-இல் இருந்த எச்.264-ஐயே எடுத்துவிட்டார்கள், கோர்களே அதைச் சமாளிக்கும் என்று. 1080 வரைக்கும் சமாளிக்கிறது. யூடியூப் 4கே என்றால் மூச்சு வாங்கும். அப்புறம் பலகை, 27 வாட் அடாப்டர், பெட்டி, விசிறி, மெமரி கார்டு எல்லாம் கூட்டினால் என்100 விலைக்கு அவ்வளவு தூரமில்லை. எனக்குப் பிடிக்கும், அப்பாவுக்கு வாங்கித் தருவேனா என்றால் மாட்டேன்.

செம்பனைக்காட்டான் | வியாழன், இரவு 8.10

எல்லாரும் பெட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள். பெட்டி எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று யாரும் பேசவில்லை. உலகத்திலேயே இடி அதிகம் விழுகிற நாடுகளில் நம்முடையதும் ஒன்று.

போன வருடம் என் வீட்டில் நடந்தது. சாயங்காலம் ஐந்து மணி, மழை இன்னும் தொடங்கவே இல்லை, செம்பனைக்கு மேலே வானம் மட்டும் கறுத்திருந்தது. ஒரே ஒரு இடி. மெயின் சுவிட்ச் விழுந்தது. போய்த் தூக்கிவிட்டேன், விளக்கு, விசிறி எல்லாம் வந்தது. டிவி வரவில்லை. மினி பிசியை எடுத்து முகர்ந்தால் மீன் கருகிய மாதிரி நாற்றம். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன், எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் பின்னால் மிளகு அளவு ஒரு சில்லு, அதன் நடுவில் ஊசி குத்தினாற்போல ஓர் ஓட்டை, சுற்றிலும் பலகை பழுப்பாகியிருந்தது. இத்தனைக்கும் மின்னல் தடுப்பு எக்ஸ்டென்ஷனில்தான் போட்டிருந்தேன்!

வயர்மேன் வந்து பார்த்துச் சொன்னார், கரண்டு வழியாக வரவில்லை, கூரைமேல் இருக்கிற அஸ்ட்ரோ வட்டில் (டிஷ்) வழியாக வந்திருக்கிறது என்று. வட்டிலிலிருந்து வயர் டிகோடருக்கு, டிகோடரிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கணினிக்கு. கோர்த்து வைத்த மாதிரி வரிசையாக மூன்றும் போய்விட்டன. சுவர்ப் பிளக்கைப் பாதுகாத்துவிட்டு வட்டில் வயரை மறந்துவிட்டேன்.

இப்போது செய்வது: இரண்டு பக்கமும், அதாவது கரண்டும் வட்டில் வயரும் நுழைகிற தடுப்பு. அதற்குள் இருக்கிற பொருள் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், பச்சை விளக்கு அணைந்தால் மாற்றிவிட வேண்டும். வீட்டு எர்த் கம்பி சரியில்லை என்றால் அந்தத் தடுப்பு வெறும் பொம்மை, பழைய லயத்து வயரிங்கில் இதை முதலில் பாருங்கள். ஃபைபர் கண்ணாடிதான், அது இடியைக் கடத்தாது, ஆனால் ரூட்டரின் அடாப்டரும் லேன் கேபிளும் செம்பு. அதனால் கணினியை வைஃபையிலேயே விட்டுவிட்டேன்.

அதற்கும் மேலே, வானம் கறுத்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவது. இதைவிட நல்ல தடுப்பு எந்தக் கடையிலும் இல்லை.

டீச்சரக்கா | வியாழன், இரவு 8.45

எங்கள் வீட்டில் இடியைவிடப் பல்லிதான் எதிரி. சூடாக, இருட்டாக, ஓட்டையோடு ஒரு பெட்டி இருந்தால் பல்லிக்கு அதைவிட நல்ல பிரசவ வார்டு கிடைக்காது. விசிறி வாய்க்கு நைலான் வலை ஒட்டுங்கள். விசிறியே இல்லாத அலுமினியப் பெட்டி என்றால் இன்னும் நல்லது, ஆனால் அதை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். சுற்றிலும் ஒரு கை நுழைகிற அளவு காற்று வேண்டும்.

ஈப்போரோட்டான் | வெள்ளி, காலை 6.50

நேற்று இரவு என் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எச்டிஎம்ஐ 1.4. நாலு வருடமாக 30-இல்தான் ஓட்டியிருக்கிறேன், மெனு மந்தமாக இருப்பதற்கு ரேமைக் குறை சொல்லிக்கொண்டு. மூடியையும் கழற்றினேன். இரண்டு முட்டை. அக்கா, உங்கள் வாய் முகூர்த்தம்.

தம்பி, என்100-ஐயே வாங்குங்கள். நான் வாபஸ்.

சர்க்கியூட்சாமி | வெள்ளி, காலை 8.00

வாங்கும்போது நாலு விஷயம், சுருக்கமாக. உள்ளே வருகிற விண்டோஸை நம்பாமல் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், பெயர் தெரியாத மினி பிசி சிலவற்றில் தீய நிரலும் சேர்ந்தே வந்திருக்கிறது. அடாப்டரில் சிரிம் (மலேசியத் தர நிர்ணய) முத்திரை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அதே வோல்டில் நல்லதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள். பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) கரண்டு போய் வந்தால் தானாக எழும்புகிற அமைப்பைப் போடுங்கள், இடிக்கு மெயின் விழுகிற ஊரில் இது இல்லாவிட்டால் தினமும் உங்களைத்தான் கூப்பிடுவார். கோடியில் படத்துக்கு ஏற்றபடி டிவியின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றச் சொல்லுங்கள்: சினிமாவுக்கு 24, நம் நாட்டு டிவிடி 25 பிரேம் என்பதால் அதற்கு 50. இது இல்லாமல் ஓட்டினால் கேமரா பக்கவாட்டில் நகரும் இடமெல்லாம் நடுங்கும்.

டிவி2-வில் தமிழ்ச் செய்தி பார்ப்பீர்களானால் யூஎஸ்பி ஏரியல் குச்சியும் செருகலாம், ஆனால் டிவிபி-டி2 (டிஜிட்டல் ஒளிபரப்பு முறை) என்று எழுதியிருக்க வேண்டும். 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திய பிறகு இங்கே அதுதான். வெறும் டிவிபி-டி குச்சி வாங்கினால் ஒன்றும் வராது.

லயத்துப்பையன் | அடுத்த வாரம் ஞாயிறு, இரவு 10.15

வாங்கியாயிற்று. என்100, 650 கேட்டார், 630-க்கு முடித்தேன். ரிமோட் குமிழ், இரண்டு பக்கத் தடுப்பு, நைலான் வலை எல்லாம் சேர்த்து 820. டிகோடருக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. விசிறி இருக்கிறது, காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும்.

கல்யாண வீடியோ மாற்றுவதற்கு லேப்டாப் ஒன்றரை நாள் இரைந்தது. தாலி கட்டுகிற இடம் இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. அம்மா அந்த இடத்தையே நாலு தடவை போடச் சொன்னார்.

விசிடி பற்றித்தான் ஏமாற்றம். 352-க்கு 288 புள்ளி. 55 அங்குலத்தில் பார்த்தால் கதாநாயகன் முகம் கட்டம் போட்ட கைலி மாதிரி இருக்கிறது. இதற்கு எந்தச் சில்லும் மருந்து இல்லை என்று சாமி அண்ணன் சொல்வார், தெரியும். அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. வேகம் மாறும்போது இரண்டு வினாடி திரை கறுத்துப் போவதுதான் அவருக்குக் கவலை, "மறுபடியும் இடியா?" என்கிறார்.

இன்னொரு வேடிக்கை. விசிடியில் ஒரு படம் இரண்டு மூன்று தட்டாக வருமே, கோப்பின் பெயர் கடைசியில் சிடி1, சிடி2 என்று ஆங்கிலத்தில் போட்டுவைத்தால் கோடி அதை ஒரே படமாகச் சேர்த்துவிடும் என்று கண்டுபிடித்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து முந்நூறு படத்துக்கும் பெயர் மாற்றினேன். நேற்று இரவு அப்பா படம் பார்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றார். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. "என்னப்பா?" என்றேன். "ரெண்டாவது தட்டு போடணுமே" என்றார். அம்மா அதற்குள் அடுப்படியில் தேத்தண்ணி கலக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் தட்டு மாற்றுகிற நேரம்தான் தேத்தண்ணி நேரம்.

காலையில் எல்லாப் பெயரையும் பழையபடி மாற்றிவிட்டேன்.

டீச்சரக்கா | ஞாயிறு, இரவு 10.30

முந்நூறையுமா?

லயத்துப்பையன் | ஞாயிறு, இரவு 10.32

முந்நூறையும், அக்கா.

செம்பனைக்காட்டான் | ஞாயிறு, இரவு 10.40

இந்தப் பக்கம் மின்னுகிறது. பிளக்கைப் பிடுங்கப் போகிறேன். வட்டில் வயரை மறக்காதீர்கள்.